பெருங்காய டப்பாவையும் படியுங்கள்

கேள்வி: மகளுக்கு சீலியாக் நோய், கோதுமையே கூடாது என்கிறார் டாக்டர். மளிகைக் கடையில் எதைப் பார்த்து வாங்குவது?
வாசகி, மன்னார்குடி

பதில்: கவலைப்படாதீர்கள் அம்மா, நெல் விளையும் ஊரில் இருக்கிறீர்கள். இந்த நோய்க்கு ஆகாதது குளூட்டன், அதாவது கோதுமையில் உள்ள ஒரு புரதம். அரிசி, உளுந்து, கேழ்வரகில் அது கிடையாது. மைதா, ரவை, சேமியா கூடாது என்பது தெரிந்திருக்கும். பலர் கோட்டை விடுவது பெருங்காயத்தில். அதில் பெரும்பாலும் மைதா சேர்க்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். என் பேரனுக்கும் இதே நோய். அதனால் படித்துப் பார்க்காமல் நான் எதையும் கூடையில் போடுவதில்லை. ராகி சேமியாவிலும் மைதா கலந்திருக்கலாம், பாருங்கள். 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது விதி. அப்புறம், மாவு மில்: கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைப் போட்டால் எல்லாம் வீண். வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.