வாசகர் கேள்வி–பதில்: ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு ஏற்ற டிரக் எது?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் ஓராண்டு காலம் அமெரிக்காவைச் சுற்றிவர எண்ணி, உள்ளேயே குடியிருக்கத்தக்க, 40 அடி நீளமுள்ள ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதன் காலி எடை 13,000 பவுண்டு. சாமான்களுடன் சேர்த்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 16,000 பவுண்டு. முக்கால் டன் வகை டீசல் பிக்கப் டிரக் ஒன்று 18,000 பவுண்டு வரை இழுக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. அதுவே தாராளம் என்கிறார் விற்பனையாளர். கொலராடோ மலைப்பாதைகளுக்கும் போகும் ஆசை இருப்பதால் கேட்கிறேன்: அதை நம்பி வாங்கலாமா?
— வாசகர், டாலஸ், டெக்சாஸ்

பதில்: வாங்க வேண்டாம். விளம்பரத்தில் உள்ள எண் பொய்யில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு அது விடையாகாது. வண்டியால் எவ்வளவு இழுக்க முடியும் என்பது ஒன்று, முதுகில் எவ்வளவு சுமக்க முடியும் என்பது வேறொன்று. ஃபிஃப்த் வீல் வகை டிரெய்லரின் முன்பகுதி, டிரக்கின் சரக்கு ஏற்றும் பின்தட்டில் பொருத்திய ஹிட்ச் என்ற இணைப்புக் கருவியின் மேல், கிட்டத்தட்டப் பின் அச்சுக்கு நேர் மேலே அமர்கிறது. நெடுஞ்சாலையில் இவ்வகை டிரெய்லர் அலைபாயாமல் வருவதற்கு அதுவே காரணம். டிரக்கின் மேல் பெரும் பாரம் இறங்குவதற்கும் அதுவே காரணம்.

அந்தப் பாரத்தைக் கிங்பின் எடை என்பார்கள். பெரிய டிரெய்லர்களில் அது மொத்த எடையில் 20 முதல் 25 விழுக்காடு வரை வரும். கையேட்டில் அச்சிட்டிருக்கும் கிங்பின் எடை காலி டிரெய்லருக்கு உரியது என்பதால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓராண்டு குடித்தனத்துக்கான துணிமணி, பாத்திரம், தண்ணீர் எல்லாம் ஏறிய பிறகு உங்கள் டிரெய்லர் 16,000 பவுண்டை நெருங்கிவிடும். அதில் 22 விழுக்காடு 3,520 பவுண்டு. ஹிட்ச் ஏறத்தாழ 200, நீங்கள் இருவரும் 350, கருவிகளும் பிறவும் 200 என்று சேர்த்தால் 4,270 பவுண்டு ஆகிறது.

இப்போது கடைக்குப் போய் அந்த டிரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவுச் சட்டத்தில் மஞ்சள் பட்டையுள்ள ஒரு வெள்ளை ஒட்டுச்சீட்டு இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதே மாடலில் பொதுவாக எவ்வளவு என்பதைவிட, நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு வண்டிக்கு எவ்வளவு என்பதே முக்கியம், ஏனெனில் டீசல் எஞ்சின், நாற்சக்கர இயக்கம், நான்கு கதவு, தோல் இருக்கை என ஒவ்வொரு வசதியும் அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே வரும். முக்கால் டன் என்பது வகைப்பெயர் மட்டுமே, சுமக்கும் அளவல்ல. அவ்வகை வண்டிகள் பலவற்றில், வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டை ஒட்டியே வைக்கப்பட்டிருப்பதாலும், டீசல் வண்டியின் சொந்த எடையே 7,500 பவுண்டைத் தாண்டிவிடுவதாலும், சீட்டில் 2,000 முதல் 2,500 பவுண்டு வரைதான் மிஞ்சும். உங்கள் தேவையில் அது ஏறத்தாழப் பாதி, அவ்வளவுதான். எஞ்சின் இழுக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை; பின் அச்சும் டயர்களும் வரம்பை மீறிய பாரத்தில் நாள் முழுக்க ஓடும் என்பதே என் கவலை.

ஒரு டன் வகையில் பின்னால் இரண்டே டயர்கள் உள்ள வண்டியின் சீட்டு 4,000 பவுண்டை ஒட்டி நிற்கும். உங்கள் கணக்குக்கு அதுவும் பற்றாது. ஆகவே பின்னால் நான்கு டயர்கள் கொண்ட டூயலியையே வாங்குங்கள். ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவ்ரோலே சில்வராடோ 3500எச்டி ஆகிய மூன்றிலும் அது கிடைக்கிறது. 5,000 பவுண்டுக்கு மேல் சுமக்கும்படி தேர்ந்தெடுக்க முடியும். பக்கக் காற்றில் அது அசையாமல் நிற்பதும், ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் தாங்கிக்கொள்வதும் நீண்ட பயணத்தில் பெரிய ஆறுதல். பின்புறம் சுமார் 8 அடி அகலம் என்பதால் ஊருக்குள் வண்டியை நிறுத்துவது கடினம்தான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ், ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், செவ்ரோலேயின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் ஆகிய டீசல் எஞ்சின்களில் எது மேல் என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். உங்கள் வேலைக்கு மூன்றும் போதும். பெட்ரோல் எஞ்சினை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். இந்த டிரக்குகளின் பெட்ரோல் எஞ்சின்களில், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லை. டர்போ இல்லாத எஞ்சின், உயரம் ஒவ்வோர் ஆயிரம் அடி கூடும்போதும் ஏறத்தாழ 3 விழுக்காடு வலுவை இழக்கிறது. டென்வருக்கு மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருப்பதால், அங்கே அத்தகைய எஞ்சினின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஏறுவதைவிட இறங்குவதே அபாயம். இந்த டீசல் வண்டிகளில் உள்ள எக்ஸாஸ்ட் பிரேக், எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடித்து நிறுத்துவதால், நீண்ட சரிவில் சக்கர பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழக்காமல் காக்கும்.

டெக்சாஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். டிரக், டிரெய்லர் இரண்டின் உச்ச எடை வரம்புகளும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால், வணிகம் சாராத ஏ வகுப்பு ஓட்டுநர் உரிமம் வேண்டும். டூயலியின் வரம்பு சுமார் 14,000 பவுண்டு என்பதால் உங்கள் கூட்டுத்தொகை 30,000. வண்டியை எடுக்குமுன் உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் உள்ள ஒரு டன் டிரக்கின் பின்தட்டு ஆறரை அடி மட்டுமே. ஃபிஃப்த் வீல் இழுக்க 8 அடித் தட்டு கட்டாயமா?
— வாசகி, ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: கட்டாயமில்லை. குட்டைத் தட்டில், கூர்மையாகத் திருப்பும்போது டிரெய்லரின் முன்மூலை ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியை இடிக்கக்கூடும். முகாம்களில் பின்னோக்கி எடுக்கும்போதுதான் இது பெரும்பாலும் நேர்கிறது. பின்னால் நகரும் ஹிட்ச்சைப் பொருத்தினால் இடிக்காமல் திரும்ப இடைவெளி கிடைக்கும், ஆனால் அது கனமானது என்பதால் அதன் எடையையும் கதவுச்சீட்டுக் கணக்கில் சேருங்கள். டிரெய்லர் மட்டமாக நிற்கும்போது தட்டின் விளிம்புக்கும் மேலே நீண்டிருக்கும் டிரெய்லரின் அடிப்பாகத்துக்கும் இடையே 6 அங்குலம் இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். சாமான் ஏற்றியபின், நெடுஞ்சாலை டிரக் நிலையம் ஒன்றின் எடைமேடையில் டிரெய்லருடன் ஒரு முறையும் டிரக்கை மட்டும் ஒரு முறையும் நிறுத்தி எடை பார்த்தால், பின் அச்சில் உண்மையில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பது தெரிந்துவிடும்.