ஆட்டோமேட்டிக் காரில் கியர் கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

இன்றைக்கே மாற்றாதீர்கள். உங்கள் காரும் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, சிக்னலில் மாட்டு வண்டி மாதிரி கிளம்புகிறது என்று நினைக்கிறேன். ஸ்கேனரில் 'பி0700' என்று ஒரு கோளாறு எண்ணைக் காட்டியிருப்பார்களே? அதை நம்பித்தான் நான் காசை விட்டேன்.

நான் ரங்கூனில் உளுந்து வியாபாரம் செய்பவன், மெக்கானிக் இல்லை. படித்தவர்கள் யாராவது வந்து திருத்தினால் சந்தோஷம், ஆனால் என் காரில் நடந்தது இதுதான்.

போன மழைக்காலத்தில் இன்செயின் ரோட்டில் முழங்கால் தண்ணீர். மெதுவாகப் போனால் போய்விடும் என்று இறங்கினேன், போயும் விட்டது. (இறங்கியிருக்கக் கூடாது என்று எழுதாதீர்கள், மாமியார் போதுமான அளவு சொல்லிவிட்டார்.) நாலு நாள் கழித்து ஹ்லெடான் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் உறுமுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. பின்னால் ஒரே ஹாரன்.

இங்கே 1970-லிருந்து வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகின்றன. ஆனால் பெரும்பாலும் ஜப்பானில் ஓட்டித் தள்ளிவிட்ட கார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முன்னால் பஸ் போனால் எதிரே வருவது டிரைவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருக்கிற என் மனைவிதான் எட்டிப் பார்த்து, "வாங்க, வாங்க... ஐயோ, இருங்க!" என்பாள். இத்தனை வருஷத்தில் எங்களுக்கு இது பழகிவிட்டது. சரி, அதை விடுங்கள். அவள்தான் மேம்பாலத்தில் வண்டி திணறியதற்கு இரண்டு நாள் முன்பே, "ஸ்பீடு முள்ளு விழுந்து விழுந்து எழுந்திரிக்குதுங்க" என்றாள். "நீ ரோட்டைப் பாரு" என்றேன்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பி0700-ஐப் பார்த்ததுமே கியர் கம்ப்யூட்டர் பெட்டி போச்சு என்றார்கள். பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு பெட்டி வந்தது, லட்சக்கணக்கில் கியாட் போனது. மூன்றாம் நாள் அதே மேம்பாலம், அதே உறுமல். மின் சாமானைத் திருப்பி எடுப்பதில்லையாம்.

அப்புறம் திங்கன்ஜூன் பக்கம் ஒரு வயதான சயாவிடம் போனேன். இங்கே மெக்கானிக்கை சயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்ட முதல் கேள்வி, தண்ணீரில் விட்டாயா என்பது. பி0700 என்றால் கியர் கம்ப்யூட்டரிடம் ஒரு புகார் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தமாம். என்ன புகார் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். அவருடையதில் பி0720 வந்தது. கியர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டின் வேகத்தைச் சொல்கிற சென்சார், அதன் வயர் சம்பந்தப்பட்டது. வேகம் தெரியாவிட்டால் எப்போது கியர் மாற்றுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் பாக்ஸைக் காப்பாற்ற ஒரே கியரில் பூட்டிவிடுகிறது.

காருக்கு அடியில் படுத்து அந்த சென்சார் பிளக்கைப் பிடுங்கிக் காட்டினார். தேய்க்காமல் விட்ட குத்துவிளக்கு மாதிரி உள்ளே பச்சைக் களிம்பு. பிளக்கையும் இரண்டு வயரையும் மாற்றினார், பழைய பெட்டியையே திரும்ப மாட்டினார். முள்ளும் விழுவதில்லை.

எல்லாக் காரிலும் களிம்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொலினாய்டு (கியர் பாக்ஸில் ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) போகலாம், ஆயில் கெட்டிருக்கலாம், பெட்டியே நிஜமாகப் போயிருக்கலாம். சில கார்களில் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. வேறு காரின் பெட்டியை மாட்டினால் புரோகிராம் செய்ய வேண்டிய மாடல்களும் உண்டு. ஆனால் காசை எடுப்பதற்கு முன் பேட்டரியை அளக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது பன்னிரண்டரை வோல்ட், ஓடும்போது பதினாலு பக்கம் இருக்க வேண்டும். ஃப்யூஸ், எர்த் வயர், பிளக்குகளைக் கண் முன்னால் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது முள்ளைப் பற்றி ஏதாவது சொன்னால் காது கொடுங்கள்.

நான் வாங்கிய பெட்டி கடையில் உளுந்து மூட்டை மேல் கிடக்கிறது. அதே மாடல் வைத்திருக்கும் யாருக்காவது நிஜமாகவே தேவைப்பட்டால் பாதி விலைக்குத் தருகிறேன். முதலில் பிளக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.