ஸ்பூனுக்கு முன் நாற்காலி

கேள்வி: எங்களுக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு ஆறரை வயது, மகனுக்கு மூன்று. மகன் ஸ்பூனை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கிறான். வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் கொட்டிவிடுகிறது. வலது கையில் சில நாள், இடது கையில் சில நாள் என்று மாற்றி மாற்றிப் பிடிக்கிறான். மகளுக்கு ஃபோர்க்கையும் கத்தியையும் சேர்த்துப் பிடிக்க வரவில்லை, உணவைப் பிய்த்துவிடுகிறாள். வாய் நிறைய உணவோடு பேசுகிறாள், பாதியில் எழுந்து ஓடுகிறாள். விருந்துக்குப் போனால் எல்லோர் முன்பும் சங்கடமாக இருக்கிறது. "அப்படிப் பிடி, இப்படி உட்கார்" என்று சொல்லிச் சொல்லியே என் சாப்பாடு ஆறிவிடுகிறது. எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஸ்பூனையும் கத்தியையும் பிடிப்பது கை வளர்ச்சியைப் பொறுத்தது. வாயை மூடி மெல்வதும் இடத்தில் உட்கார்ந்திருப்பதும் பழக்கம். கைக்கு இன்னும் வராத ஒன்றை எத்தனை முறை அதட்டிச் சொன்னாலும் வராது. பழக்கமோ மெதுவாக, சொல்லச் சொல்ல வரும். இரண்டுக்கும் ஒரே அதட்டல் என்றால், தன்னால் முடியாததற்கும் சேர்த்துத் திட்டு வாங்கும் குழந்தைக்குச் சாப்பாட்டு மேசையே பிடிக்காமல் போய்விடும்.

இரண்டுக்கும் முன்னால் நாற்காலியைப் பாருங்கள். அடுத்த முறை பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது, மேசைக்கு அடியில் குனிந்து அவர்கள் பாதங்களைக் கவனியுங்கள். அநேகமாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். காலுக்குப் பிடிமானம் இல்லாத குழந்தை விழாமல் உட்காரவே பாதிக் கவனத்தைச் செலவிடுகிறது. ஒரு கை மேசையைப் பற்றிக்கொள்ளும், முழங்கை மேசைமேல் ஏறும், உடம்பு சறுக்கும். தொடையின் அடிப்பக்கம் நாற்காலி விளிம்பில் அழுந்தி மரத்துப்போகும். உங்கள் மகள் பாதியில் எழுந்து ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பெரியவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்தால், மேசை மூன்று வயதுக் குழந்தைக்கு நெஞ்சளவு வரும். அப்போது தோளைத் தூக்கி, முழங்கையை அகட்டித்தான் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோக முடியும். கொட்டாமல் எப்படி இருக்கும்? கைகளைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், மேசையின் மேற்பரப்பு அந்த முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். உள்ளங்கால் முழுவதும் எதன்மீதாவது பதிய வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். இதற்கு விலை கூடிய நாற்காலி வேண்டாம். உட்கார அழுத்தமான மெத்தை, காலுக்கு ஆடாத மரப்பெட்டியோ குட்டி ஸ்டூலோ போதும். மெத்தென்று அமுங்கும் தலையணை வேண்டாம். குழந்தை பக்கவாட்டில் சாயும். முதுகுக்கும் நாற்காலி முதுகுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் அங்கே ஒரு திண்டு வையுங்கள். மூன்று வயதுக் குழந்தையை உயரத்தில் உட்கார வைத்துவிட்டுத் தனியாக விடாதீர்கள்.

இப்போது மகனின் முஷ்டி. ஸ்பூன் பிடிப்பது படிப்படியாக மாறும். ஒரு வயதை ஒட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, கைப்பிடியை முழு முஷ்டியால் பற்றுவார்கள். அந்தப் பிடியில் மணிக்கட்டு திரும்பாது. தோளிலிருந்து முழுக் கையும் நகரும். அதனால் வாயருகே வந்ததும் ஸ்பூன் கவிழ்ந்துவிடும். இரண்டு வயதை ஒட்டி முன்கை திரும்பத் தொடங்குகிறது, சிந்துவது குறைகிறது. மூன்றிலிருந்து நான்கு வயதுக்குள், பெரும்பாலும், உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுமாகக் கைப்பிடியைப் பிடிக்கும் பிடி வருகிறது. உங்கள் மகன் இந்த மாற்றத்தின் நடுவில்தான் இருக்கிறான். அவனிடம் குறை எதுவும் இல்லை.

ஆனால் அவன் கையில் இருக்கும் ஸ்பூனில் குறை இருக்கலாம். பெரியவர்களின் ஸ்பூன் நீளமானது, கைப்பிடி மெல்லியது, குழி அவன் வாய்க்கு அகலமானது. 10 முதல் 13 செ.மீ. நீளம், தடித்த கைப்பிடி, சின்னக் குழி உள்ள ஸ்பூனைக் கொடுங்கள். தட்டையான தட்டில் உணவு ஓடிக்கொண்டே இருக்கும். அவன் ஸ்பூனால் துரத்துவான், பிறகு பொறுமை இழந்து விரலால் அள்ளுவான். செங்குத்தான விளிம்புள்ள கிண்ணம் என்றால், உணவை அந்தச் சுவரில் தள்ளி அள்ளலாம். கிண்ணம் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரியுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நான்கு ஸ்பூன் அளவு மட்டும் போட்டு, தீரத் தீரப் போடுங்கள். தண்ணீரும் அப்படியே: டம்ளரில் இரண்டு மடக்கு இருந்தால், கவிழ்த்தாலும் துடைப்பது எளிது.

முதலில் ஸ்பூனில் ஒட்டி நிற்கும் உணவு: மசித்த உருளைக்கிழங்கு, கெட்டித் தயிர், குழைய வேகவைத்த காய். உதிரியானவை பிறகு. சூப் கடைசியாக. பல வீடுகளில் சூப்பில் தொடங்கி, "இவனுக்கு வரவே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கற்றுக்கொடுக்கும்போது எதிரே உட்காராமல் அவன் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி உட்காருங்கள். விரல்களைப் பிடித்து மடக்கி வைக்காதீர்கள். முழங்கைக்கோ மணிக்கட்டுக்கோ அடியில் லேசாகத் தாங்கினால் போதும். வரிசையையும் பின்னாலிருந்து தொடங்குங்கள். முதலில் நீங்கள் அள்ளி, அவன் கையோடு சேர்த்து வாயருகே கொண்டுபோய், அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தை மட்டும் அவனிடம் விடுங்கள். அது சிந்தாமல் வந்த பிறகு பாதி வழியில் விடுங்கள். அதன் பிறகு கிண்ணத்திலிருந்து தூக்குவது, கடைசியில் அள்ளுவது. இப்படிச் செய்தால் ஒவ்வொரு முயற்சியும் வாயில் உணவோடு முடியும். முன்னாலிருந்து தொடங்கினால், மிகக் கடினமான அள்ளுவதிலேயே தோற்றுப்போய் ஸ்பூனை வீசுவான்.

இந்தப் பயிற்சி பசி இருக்கும் முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான். பிறகு விரலால் சாப்பிடட்டும். மணிக்கட்டைத் திருப்பும் பழக்கம் மேசைக்கு வெளியேதான் நன்றாக வளரும்: மூடியைத் திருகுவது, ஸ்பாஞ்சைப் பிழிவது, மணலைக் கரண்டியால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது.

மகள் விஷயம் வேறு. ஃபோர்க்கும் கத்தியும் ஒன்றாக வர, ஒரு கை அசையாமல் பிடிக்க வேண்டும், மற்றது அதே நேரம் அசைய வேண்டும். ஆறரை வயது அதைத் தொடங்கச் சரியான வயது. சரளமாக வர எட்டு வயதோ அதற்கு மேலோ ஆகலாம். முதலில் ஃபோர்க்கால் மட்டும் குத்தி எடுப்பது, அடுத்து கத்தியால் ரொட்டியில் வெண்ணெய் தடவுவது, பிறகு வாழைப்பழத்தைக் கத்தியால் மட்டும் நறுக்குவது, அதற்கும் பிறகே இரண்டும் சேர்த்து. உங்கள் மகள் நடுப்படிகளைப் பழகாமலே தாவி வந்துவிட்டாள் என்று தோன்றுகிறது.

பிளாஸ்டிக் கத்தியை எடுத்துப் போட்டுவிடுங்கள். அது வெட்டாது; வெட்டாததால் அழுத்துவாள், அழுத்தினால் வழுக்கும். சிறுவர் அளவில் உலோகக் கத்தி வாங்குங்கள், முனை மழுங்கியும் விளிம்பில் நுண்ணிய பற்களோடும் இருக்கட்டும். சாப்பாட்டுக் கத்திக்குக் கூர்முனை தேவையே இல்லை. பிரான்ஸின் 14-ஆம் லூயி 1669-ல் மேசையில் கூர்முனைக் கத்திகளைத் தடைசெய்தார். பெரியவர்களின் சாப்பாட்டுக் கத்தியும் இன்று பெரும்பாலும் வட்ட முனையோடுதான் வருகிறது.

இடது கையில் ஃபோர்க், பற்கள் கீழே வளைந்திருக்க. கைப்பிடியின் நுனி உள்ளங்கைக்குள் மறைய வேண்டும். ஆள்காட்டி விரல் ஃபோர்க்கின் முதுகில் நீண்டு, பற்கள் பிரியும் இடத்துக்கு முன்பே நிற்க வேண்டும். மற்ற விரல்கள் கைப்பிடியைச் சுற்றிக்கொள்ளும். வலது கையில் கத்தி, அதே பிடி. ஆள்காட்டி விரல் கைப்பிடியும் அலகும் சேரும் இடத்தில், மேலே. அலகின் மீது போகக் கூடாது. முழங்கைகள் விலாவை ஒட்டித் தொங்கட்டும். துண்டின் இடது ஓரத்தில், ஒரு வாய் அளவு விட்டு, ஃபோர்க்கைக் குத்த வேண்டும். கத்தியை ஃபோர்க்கின் பற்களை ஒட்டியே வலப்புறம் வைத்து, முன்னும் பின்னுமாக லேசாக இழுக்க வேண்டும். வெட்டுப்பட்ட துண்டு ஃபோர்க்கிலேயே நிற்கும், அப்படியே வாய்க்கு.

அவள் உணவைப் பிய்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கத்தி பற்களிலிருந்து தள்ளி இருப்பதுதான். நடுவில் இருக்கும் உணவு மடங்கும், வெட்டுப்படாது. துண்டு சுழன்றால், ஃபோர்க்கை முஷ்டியில் செங்குத்தாகப் பிடித்திருக்கிறாள் என்று அர்த்தம். ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்லுங்கள். தட்டு கிறீச்சிட்டால், இழுக்காமல் அழுத்துகிறாள். "ரம்பம் மாதிரி, மெதுவாக" என்றால் புரிந்துகொள்வாள். எல்லாவற்றையும் முதலிலேயே வெட்டிக் குவிக்கிறாள் என்றால், ஒரு வாய்க்கு ஒரு வெட்டு என்று பழக்குங்கள்.

இதைச் சாப்பாட்டு நேரத்தில் கற்றுக்கொடுக்காதீர்கள். விளையாட்டு மாவை விரல் பருமனில் உருட்டி, மாலையில் ஐந்து நிமிடம் வெட்டட்டும். பிறகு வேகவைத்த உருளைக்கிழங்கு, ஆம்லெட், டோஸ்ட். இறைச்சி போன்ற நார் நிறைந்தவை கடைசியில். அதுவரை நீங்களே வெட்டிக்கொடுங்கள். கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுவதும் இதே இரு கை வேலைதான்.

வெட்டிய பின் கத்தியை வைத்துவிட்டு ஃபோர்க்கை வலது கைக்கு மாற்றுவது அமெரிக்க வழக்கம். ஐரோப்பாவில் இடது கையிலேயே வைத்திருப்பார்கள். இரண்டும் சரி, உங்கள் வீட்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் அதையே செய்யுங்கள். மேசையை அடுக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள்: தட்டுக்கு இடப்புறம் ஃபோர்க், வலப்புறம் கத்தி, அதன் வெட்டும் பக்கம் தட்டைப் பார்த்து, அதற்கு வலப்புறம் ஸ்பூன். எந்தக் கைக்கு எது என்று இதிலேயே பதிந்துவிடும். சாப்பிடும் நடுவில் நிறுத்தினால் இரண்டையும் தட்டில் கூரை வடிவில் சாய்த்து வைப்பது, முடித்துவிட்டால் பக்கம் பக்கமாக இணைத்து வைப்பது. வாயில் வைத்த ஃபோர்க்கோ ஸ்பூனோ மேசை விரிப்பில் படக் கூடாது. ஃபோர்க்கை வாயில் வைத்துக்கொண்டு நடப்பதை மட்டும் முதல் தடவையே கண்டிப்பாக நிறுத்துங்கள். விழுந்தால் தொண்டையில் குத்தும்.

பழக்கங்களில், ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. இரண்டு வாரத்துக்கு அதை மட்டும் கவனியுங்கள், மற்றவற்றைக் காணாததுபோல் விடுங்கள். வாய் நிறைய உணவோடு பேசுவதை முதலில் எடுக்கலாம், அதில் ஆபத்தும் இருப்பதால். தொண்டையில் மூச்சுக்கும் உணவுக்கும் பாதை ஓரிடத்தில் பொதுவாக இருக்கிறது. மெல்லும்போது பேசினாலும் சிரித்தாலும் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகக்கூடும். இதை மகளிடம் இப்படியே சொல்லுங்கள், ஆறரை வயதுக்கு விளங்கும். கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: அவள் வாயில் உணவை வைத்த கணத்தில் "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேட்பது யார்? கேள்வியை அவள் விழுங்கும் வரை தள்ளிப்போடுங்கள். மறந்து பேசினால், ஏற்கெனவே பேசிவைத்த ஒரு சைகை போதும். உங்கள் உதட்டை நீங்கள் தொட்டுக் காட்டினால் மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது.

மூச்சு அடைக்கும் அபாயம் மகனுக்கு இன்னும் அதிகம். ஐந்து வயது வரை திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். முழுக் கொட்டைகள் வேண்டாம்.

எழுந்து ஓடுவதற்கு, நாற்காலியைச் சரிசெய்த பிறகும் ஓடினால், நேரத்தைப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை 15 முதல் 20 நிமிடம் உட்கார்ந்தாலே நல்லது. ஆறரை வயதுக்கு 20 முதல் 30 நிமிடம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு பாலோ பிஸ்கட்டோ உள்ளே போயிருந்தால் பசியே இருக்காது. டிவியும் போனும் அணைந்திருக்கட்டும், உங்கள் போனும்தான். "எழுந்துகொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுவதைப் பழக்குங்கள். கேட்காமல் போனால் ஒரு முறை நினைவூட்டுங்கள். மீண்டும் போனால், கோபப்படாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வழக்கமான நேரத்தில் வரும்.

எவ்வளவு சாப்பிட்டாள் என்பதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடலாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த பிரிவு இங்கே மிகவும் உதவும். தட்டைக் காலிசெய்வது நாகரிகத்தில் சேராது. பிடிக்காததை "உவ்வே" என்று சொல்லாமல் "வேண்டாம், நன்றி" என்பது சேரும்.

விருந்து நாளில் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது. கிளம்பும் முன் இரண்டே விஷயம் நினைவூட்டுங்கள். சாப்பாடு தாமதமாகும் என்று தெரிந்தால் வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துக் கூட்டிப்போங்கள். வெட்டக் கடினமானதை நீங்களே வெட்டிவிடுங்கள். உறவினர் எதிரே திருத்தாதீர்கள். அவர்கள் ஏதாவது சொன்னால் "இப்போதுதான் பழகுகிறாள்" என்ற ஒரு வரி போதும்.

மகனின் இடது கையைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று வயதில் கை மாற்றி மாற்றிப் பிடிப்பது இயல்பு. எந்தக் கை என்பது பள்ளி செல்லும் வயதுக்குள் பொதுவாக நிலைப்படும். ஸ்பூனைக் கிண்ணத்துக்கு நேர் எதிரே, நடுவில் வையுங்கள், எடுப்பது அவன் விருப்பம். பிற்காலத்தில் இடது கைப் பழக்கம் என்று தெரிந்தால், கத்தியை இடது கையில் பிடிக்கலாம். மேலே சொன்ன முறை எல்லாம் திசை மாறும், அவ்வளவே. ஆனால் ஒரு கையை எப்போதும் பயன்படுத்தாமல் ஒதுக்குவது, நான்கு வயது தாண்டியும் ஸ்பூன் வாய்க்கு ஒழுங்காகப் போகாதது, சாப்பிடும்போது அடிக்கடி இருமுவது அல்லது புரையேறுவது – இவற்றில் எதைக் கண்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் நிபுணர்) அனுப்புவார்.