தாய்லாந்து டிடிவி விசா: தரைவழியே எல்லை தாண்டி முத்திரை வாங்குவது, உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காகச் சியாங் மாயிலிருந்து வேலை செய்கிறேன். டிடிவி (Destination Thailand Visa) என்னும் நீண்ட கால விசா தொடங்கிய 2024-லேயே வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. அதன் பிறகு நோங் காய், சியாங் கோங், பாடாங் பெசார் என்று மூன்று எல்லைகளையும் தரைவழியே கடந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இந்த விசா ஐந்து ஆண்டு செல்லும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கும், முவே தாய் என்னும் தாய்லாந்துக் குத்துச்சண்டைப் பயிற்சி, தாய்லாந்துச் சமையல் வகுப்பு, மருத்துவச் சிகிச்சைக்கு வருபவர்களுக்கும் தருகிறார்கள். 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், 5 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) கையிருப்பு காட்ட வேண்டும். இந்த வாரம் வந்த கேள்விகளில் முக்கியமானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னையில் இருக்கும்போது விண்ணப்பித்தேன் அக்கா. விசா வரத் தாமதமானதால், விசா இல்லாமல் 60 நாள் தங்கும் சலுகையில் சியாங் மாய் வந்துவிட்டேன். நேற்று ஒப்புதல் மின்னஞ்சல் வந்தது. இனி என் தங்கும் காலம் தானாக 180 நாளாகிவிடுமா?

ஆகாது தம்பி. விசா என்பது வாசலில் காட்டும் அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை வாசலில் குத்தும் முத்திரைதான் சொல்லும். நீங்கள் சலுகையில் நுழைந்ததால், உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள 60 நாள்தான் இப்போதைக்குச் செல்லும். சியாங் மாய் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் மின் விசாவைக் காட்டினாலும் மாற்றித் தர மாட்டார்கள். நாட்டை விட்டு வெளியேறி, அந்த விசாவோடு மறுபடி நுழைய வேண்டும். அந்த நிமிடத்திலிருந்துதான் உங்கள் டிடிவிக்கு உயிர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது தாய்லாந்துக்குள் வந்தது ஆபத்தான வேலை. எந்த நாட்டில் உள்ள தாய்லாந்துத் தூதரகத்தில் விண்ணப்பிக்கிறோமோ, அந்த நாட்டில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு ஒப்புதல் வந்துவிட்டது, சரி. இதைப் படிக்கும் மற்றவர்கள் இப்படிச் செய்யாதீர்கள்.

எந்த எல்லைக்குப் போவது? கம்போடியா பக்கம் பக்கமாக இருக்கிறதே?

கம்போடியாவை மறந்துவிடுங்கள். 2025 ஜூனில் தொடங்கிய எல்லை மூடலும், ஜூலையில் மூண்ட சண்டையும் அந்தப் பாதையை நம்ப முடியாததாக்கிவிட்டன. ஒரு முத்திரைக்காக அங்கே போய் நிற்க வேண்டாம்.

வடக்கே இருப்பவர்களுக்கு சியாங் கோங். மேகாங் ஆற்றைக் கடந்தால் லாவோஸின் ஹுவாய் சாய். பாலம் 2013-இல் திறந்தது. வடகிழக்கில் இருப்பவர்களுக்கு நோங் காய், தாண்டினால் வியந்தியான். அது 1994-இல் திறந்த முதல் நட்புறவுப் பாலம். தெற்கே ஹாட் யாய், புக்கெட் பக்கம் இருப்பவர்களுக்கு மலேசியா எல்லை. முதல் முறை என்றால் என் ஓட்டு நோங் காய்க்கு. அங்கே ஆள் நடமாட்டம் அதிகம், வெளிநாட்டவர்களைப் பார்த்துப் பழகிய அலுவலர்கள், ஏதாவது சிக்கல் என்றால் மறுகரையில் தங்க ஒரு தலைநகரமே இருக்கிறது.

நோங் காயில் என்ன நடக்கும்? ஒவ்வொன்றாகச் சொல்ல முடியுமா மேடம்? தனியாகப் போகிறேன், கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். எதற்குப் பிறகு எது என்று தெரிந்தால் பயம் போய்விடும்.

பாங்காக்கிலிருந்து இரவு ரயில் ஏறினால் காலையில் நோங் காய். அங்கிருந்து துக் துக் பிடித்துப் பாலத்தடிக்குப் போங்கள். முதலில் தாய்லாந்து வெளியேற்றக் கவுன்டர், பாஸ்போர்ட்டில் முக்கோண வடிவ முத்திரை. பாலத்தில் நடந்து போக விடமாட்டார்கள், மறுகரைக்குப் பேருந்து ஓடுகிறது. தாய்லாந்தில் நம் ஊர் போல இடப்பக்கம் ஓட்டுவார்கள், லாவோஸில் வலப்பக்கம். பேருந்து பக்கம் மாறும்போது எல்லை தாண்டிவிட்டோம் என்பது உடம்புக்கே தெரியும்.

லாவோஸ் பக்கத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கியதும் விசா கிடைக்கும். ஒரு புகைப்படமும் டாலர் நோட்டும் கொண்டுபோங்கள். பாட் நாணயத்தில் கட்டினால் கூடுதலாகப் போகும். கசங்கிய, கிழிந்த டாலரை வாங்க மாட்டார்கள். அந்த விசா ஒட்டுச்சீட்டு பாஸ்போர்ட்டில் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும். வெற்றுப் பக்கம் எத்தனை இருக்கிறது என்று கிளம்பும் முன்பே எண்ணிப் பாருங்கள். ஐந்து ஆண்டு விசாவுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஓர் இரவு வியந்தியானில் தங்குங்கள். ஆற்றங்கரையில் மாலைச் சந்தை நன்றாக இருக்கும். மறுநாள் காலை திரும்புங்கள். அதற்கு முன் தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பியிருக்க வேண்டும். 2025 மே 1 முதல் தரைவழிக்கும் இது கட்டாயம். வரும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து நிரப்பலாம். காசு கிடையாது. யாராவது காசு கேட்டால் அது போலித் தளம்.

கவுன்டரில் பாஸ்போர்ட்டோடு அச்செடுத்த மின் விசாவையும் சேர்த்து நீட்டி, "டிடிவி" என்று வாயால் சொல்லுங்கள். ஃபோனில் மட்டும் வைத்திருக்காதீர்கள், காகிதம்தான் கை கொடுக்கும். தங்குமிட முகவரி, வேலைக்கான கடிதம், 20,000 பாட் ரொக்கம், இவை பையில் இருக்கட்டும். என்னிடம் ஒருமுறையும் கேட்டதில்லை. ஆனாலும் நான் இல்லாமல் போனதில்லை.

அதே நாளில் திரும்பினால் அனுப்பிவிடுவார்களா? தரைவழியாக வருடத்துக்கு இரண்டு முறைதான் நுழையலாம் என்கிறார்களே?

அந்த இரண்டு முறைக் கணக்கு விசா இல்லாமல் சலுகையில் நுழைபவர்களுக்கு. டிடிவி கையில் இருப்பவருக்குப் பொருந்தாது. இது பலமுறை நுழையும் விசா. 2025 நவம்பரில் குடிவரவுத் துறை கண்டிப்பு காட்டத் தொடங்கியதும் சலுகையை வைத்தே திரும்பத் திரும்ப எல்லைக்குப் போய் வருபவர்கள் மேல்தான்.

அதே நாளில் திரும்பச் சட்டத் தடை இல்லை. ஆனால் முன்பே பலமுறை சலுகையில் வந்து போனவராக இருந்தால் கேள்வி வரும். ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

அவசரம் அக்கா! உள்ளே வந்து இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன், 60 நாள் முத்திரை குத்தியிருக்கிறார்கள். என்ன செய்வது?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என் வயிறு கலங்கியது, ஏனென்றால் எனக்கும் இது நடந்தது. மாலை நேரம், நீண்ட வரிசை, அலுவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இந்தியர் என்று சலுகை முத்திரையைக் குத்திவிட்டார். நான் பார்க்காமல் பேருந்தில் ஏறிவிட்டேன். பிறகு பார்த்துத் திரும்ப ஓடினேன். பேருந்து இன்னும் கிளம்பாததால் தப்பித்தேன். அரை மணி நேரத்தில் பழைய முத்திரையை ரத்து செய்து புதிதாகக் குத்திக் கொடுத்தார்கள்.

உங்களுக்கு இரண்டு நாள் ஆகிவிட்டது. முதலில் நுழைந்த அதே சாவடிக்கு விசா அச்சோடு போய்க் கேளுங்கள். திருத்தித் தந்தால் நல்லது. மறுத்தால் சண்டை போடாதீர்கள், 60 நாளுக்குள் இன்னொரு முறை வெளியே போய் வந்துவிடுங்கள். விசா வீணாகாது. ஆனால் 180 நாள் இருக்கிறது என்று நினைத்துத் தங்கிவிட்டால் நாளுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000. தொண்ணூறு நாளுக்கு மேல் போனால் நாட்டுக்குள் நுழையவே தடை.

எல்லோருக்கும் சொல்கிறேன்: கவுன்டரை விட்டு ஓரடி நகரும் முன் முத்திரையைப் பாருங்கள். விசா வகை சரியா, "வரை" என்று போட்டிருக்கும் தேதி சரியா. பின்னால் நிற்பவர் முணுமுணுக்கட்டும். அந்தப் பத்து விநாடி உங்களுடையது.

பினாங்கில் அத்தை வீடு இருக்கிறது. மலேசியா வழியாகப் போய் வரலாமா?

தாராளமாக. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசா இல்லாமல் 30 நாள் தருகிறது, அதனால் லாவோஸை விடச் செலவு குறைவு. மலேசியாவுக்கும் தனியாக டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். பாடாங் பெசார் ரயில் நிலையத்தில் இரு நாட்டுக் குடிவரவும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஒரு கவுன்டரில் வெளியேறி, அடுத்த கவுன்டரில் நுழையலாம். மலேசிய நேரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், ரயிலைத் தவறவிடாதீர்கள். ஜார்ஜ் டவுனில் அத்தை கையால் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்பினால் எந்த அலுவலரும் ஏன் என்று கேட்க மாட்டார்.

வணக்கம் அக்கா, நான் யாழ்ப்பாணம். கொழும்பில் விசா எடுத்து சமுயியில் இருக்கிறன். 180 நாள் முடியப் போகுது. உள்ளேயே நீட்டிக்கிறது நல்லதா, எல்லைக்குப் போறது நல்லதா?

உள்ளேயே 1,900 பாட் கட்டி நீட்டிக்க விதியில் இடம் இருக்கிறது. ஆனால் கேட்கும் காகிதங்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன, அலைச்சல் அதிகம். வெளியே போய் வந்தால் புதிதாக 180 நாள் நிச்சயம். நான் எப்போதும் எல்லைக்குத்தான் போவேன். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: லாவோஸ், மலேசியா விசா விதிகள் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு வேறு. நான் மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அந்தந்தத் தூதரகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஒத்துவராவிட்டால் விமானத்தில் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவும் வெளியேற்றம்தான். 90 நாள் தாண்டியபோது குடிவரவுக்கு முகவரி அறிக்கை கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் 2,000 பாட் அபராதம்.

மனைவியும் மகனும் என் விசாவிலேயே வரலாமா?

வரலாம், ஆனால் ஒரே விசாவில் இல்லை. சட்டப்படி மணந்த துணைக்கும் 20 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம். திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் ஆங்கிலத்தில் வைத்திருங்கள். எல்லையில் மூன்று முத்திரையையும் பாருங்கள், குழந்தையுடையதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பாங்காக் நிறுவனம் ஒன்று சின்ன வேலை தருகிறது. டிடிவியில் செய்யலாமா? வரி உண்டா?

செய்யக் கூடாது. தாய்லாந்து நிறுவனத்துக்கு வேலை செய்ய வேலை அனுமதி வேண்டும். வரியைப் பொறுத்தவரை, ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாள் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீங்கள் அங்கே வரி வசிப்பாளர். 2024-இலிருந்து ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரிக்கு உட்படும். இந்தியாவோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இரு பக்கமும் தெரிந்த ஒரு ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

பாஸ்போர்ட் புதுப்பித்துவிட்டேன். பழையதில் எடுத்த விசா செல்லுமா?

பழைய எண்ணில்தான் விசா பதிவாகியிருக்கிறது. பழைய பாஸ்போர்ட், புதியது, விசா அச்சு மூன்றையும் சேர்த்தே கவுன்டரில் நீட்டுங்கள். எல்லைக்குக் கிளம்பும் முன், விசா கொடுத்த தூதரகத்துக்கு மின்னஞ்சல் போட்டு அவர்கள் பதிலையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.