நோயெதிர்ப்பியலுக்காக மாடுகளை விட்டுவிட வேண்டுமா?
கால்நடை உடலியங்கியலில் முதுகலை முடித்த தாங்கள், முனைவர் பட்டத்துக்கு நோயெதிர்ப்பியலை எடுப்பதென்றால் மாடுகளை விட்டு எலிகளுக்கு மாறித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

ரே ஓவனின் ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பால்பண்ணையில் வளர்ந்த அவர், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மாடுகளின் இரத்த வகைகளை ஆராய்ந்தபோது, தனித்தனிக் கருமுட்டைகளில் உருவான இரட்டைக் கன்றுகளின் உடலில் இரு வகைச் சிவப்பணுக்கள் கலந்திருப்பதைக் கண்டு 1945இல் வெளியிட்டார். கருப்பையிலேயே இரண்டின் இரத்தக்குழாய்களும் இணைந்துவிடுவதால், உடன்பிறப்பின் அணுக்கள் குடியேறி, பிறந்த பின்னும் அந்நியமாகக் கருதப்படாமல் நிலைக்கின்றன. (காளைக்கன்றோடு பிறக்கும் கிடேரி பெரும்பாலும் மலடாவதற்கும் இந்த இணைப்பே காரணம்.) நோயெதிர்ப்புச் சகிப்பு (அந்நிய அணுக்களை உடல் தாக்காமல் ஏற்றுக்கொள்வது) குறித்த பர்னெட்டின் கோட்பாட்டுக்கும் அதை எலிகளில் மெய்ப்பித்த மெடாவர் குழுவின் 1953ஆம் ஆண்டுச் சோதனைக்கும் இதுவே அடித்தளம். 1960இல் அவ்விருவருக்கும் கிடைத்த நோபல் பரிசில் ஓவனுக்குப் பங்கில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தமே.

தங்களுக்கு ஆய்வுப் பொருளாகச் சீம்பாலைப் பரிந்துரைக்கிறேன். பசுவின் எதிர்ப்பொருள்கள் (நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள்) நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குச் செல்வதில்லை. ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அவை இரத்தத்திலிருந்து மடியிலுள்ள சீம்பாலில் சேர்கின்றன, கன்றின் குடலோ ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அவற்றை உறிஞ்சும் திறனை இழந்துவிடுகிறது. கோடை வெப்பம் இதை எப்படி மாற்றுகிறது என்று ஆராய, மடியையும் குடலையும் அறிந்தவரே தேவை. வழிகாட்டியைத் தேர்வதற்கு முன், மாட்டு அணுக்களுக்கான வினைபொருள்கள் (சோதனைகளில் அணுக்களை ஆராயப் பயன்படுத்தும் பொருள்கள்) அவரது ஆய்வகத்தில் உள்ளனவா என்று கட்டாயம் கேளுங்கள். எலிக்கு எளிதில் கிடைப்பவற்றில் பல மாட்டுக்குக் கிடைப்பதில்லை.