சின்ன லேத்தில் துருவும் கோணலும்

கேள்வி: ஹட்டனில் இருக்கிறேன். அப்பா தேயிலை பாக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். அந்த ஆசையில் பழைய ஏழு அங்குல லேத் (கடைசல் மெஷின்) ஒன்றை வாங்கி, குசினிக்குப் பின்னால் உள்ள அறையில் பலகை மேசை மேல் பூட்டியிருக்கிறேன். தையல் மெஷின் புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்), சின்னப் பித்தளைச் சாமான்கள் கடைய வேண்டும். 10 மில்லிமீற்றர் இரும்புக் கம்பியைக் கடைந்தால் சக் (கம்பியைப் பிடித்துச் சுற்றும் வாய்) பக்கம் அளவு சரியாக வருகிறது, நுனிப் பக்கம் தடித்துப் போகிறது. எத்தனை தரம் துடைத்தாலும் பெட்டில் (லேத்தின் நீண்ட அடிச்சட்டத்தில்) துரு பிடிக்கிறது. மெஷினில் குறையா? தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பதில்: தம்பி, அவசரப்பட்டு மெஷினை விற்றுவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் காரணம் பெரும்பாலும் அது உட்கார்ந்திருக்கிற இடம்தான்.

முதலில் தடிப்பு. இடத்தைக் குறை சொல்லும் முன் கம்பியைப் பார்ப்போம். கம்பி சக்கிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. 10 மில்லிமீற்றர் கம்பி 100 மில்லிமீற்றர் நீண்டிருந்தால், டூல் அழுத்தும்போது நுனி வளைந்து விலகிவிடும். விலகிய இடத்தில் குறைவாக வெட்டுப்படும், அதனால் தடிப்பாக நிற்கும். நீளம் இரட்டிப்பானால் வளைவு எட்டு மடங்கு. விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் வெளியே நீட்டினால் டெயில்ஸ்டாக் சென்டர் (சக்குக்கு எதிர் முனையில் நின்று கம்பியின் நுனியைத் தாங்கும் கூர்முனை) கொடுத்தே கடைய வேண்டும். சென்டர் கொடுத்த பிறகும் ஒரு பக்கம் தடித்தால் டெயில்ஸ்டாக் நேரில் இல்லை என்று அர்த்தம். அதன் பக்கவாட்டுத் திருகுகளைப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பாக்டரி வேர்க்‌ஷொப்பில் அப்பா ஓட்டிய லேத் டன் கணக்கில் கனம், கொன்கிறீட்டில் போல்ட் இறக்கி நிற்கும். உங்களுடையது 40 கிலோ அளவில்தான் இருக்கும். மேசை வளைந்திருந்தால், நான்கு போல்ட்டையும் இறுக்குகிறபோது பெட்டும் மேசையோடு சேர்ந்து வளையும். நம்ம பக்கத்துச் சவுக்கு, யூக்கலிப்டஸ் பலகையெல்லாம் மழைக்காலத்தில் ஊதும், வெயில் காலத்தில் சுருங்கும். மே மாதத்தில் சரியாக இருந்த லேத் பெப்ரவரியில் கோணலாவது இதனால்தான். முடிந்தால் ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் வெல்டிங் செய்வித்து, அதன் மேல் தடித்த இரும்புத் தகட்டைப் போட்டு லேத்தைப் பூட்டுங்கள். சக்கின் நடு மையம் உங்கள் முழங்கை உயரத்துக்கு வந்தால் முதுகு வலிக்காது.

முறுக்கைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த ரசமட்டம் தேவையில்லை. 25 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு உருண்டைக் கம்பியை எடுத்து, சக்கிலிருந்து 100 மில்லிமீற்றர் வெளியே நிற்கும்படி பிடியுங்கள். கம்பி தடிப்பு, கடைசி வெட்டு மெல்லியது என்பதால் இந்தச் சோதனைக்கு மட்டும் சென்டர் வேண்டாம். நடுப்பகுதியைச் சற்று ஆழமாக வெட்டிவிட்டால் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம் மிஞ்சும். நன்றாகத் தீட்டிய டூலால், டூலைக் கம்பிப் பக்கம் நகர்த்தும் டயலை இடையில் தொடாமல், ஒரே ஓட்டத்தில் இரண்டு வளையங்களையும் மெல்லச் சீவுங்கள். பிறகு மைக்ரோமீற்றரில் அளந்து பாருங்கள்.

நுனி வளையம் பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக் முனையில் நீங்கள் நிற்கிற பக்கத்துக் காலுக்கு அடியில் மெல்லிய தகடு வையுங்கள். அந்தப் பக்கம் உயர்ந்தால் பெட் பின்னால் சாயும், டூல் நுனி கம்பியை நெருங்கும், அங்கே கூடுதலாக வெட்டும். நுனி சிறிதாக இருந்தால் பின்பக்கக் காலுக்கு வையுங்கள். குளிர்பான டின்னை வெட்டினால் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தகடு கிடைக்கும், அதுவே போதும். வைப்பது, இறுக்குவது, கடைவது, அளப்பது என்று நான்கைந்து தரம் செய்ய வேண்டிவரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போனாலும் வீணில்லை. வித்தியாசம் 0.02 மில்லிமீற்றருக்குள் வந்துவிட்டால் தையல் மெஷின் புஷ்ஷுக்குத் தாராளம். தகடு வைத்தும் அசையவில்லை என்றால் ஹெட்ஸ்டாக்கே (சக்கைச் சுழற்றும் தலைப்பகுதி) பெட்டில் நேராக உட்காரவில்லை. அது வேறு வேலை, அப்போது பார்க்கலாம்.

இனி துரு. மலைநாட்டில் துரு மழையால் மட்டும் வருவதில்லை. இரவெல்லாம் குளிர்ந்த இரும்பு காலையில் சீக்கிரம் சூடாகாது. மூடுபனி விலகி வெயில் ஏறும்போது அறைக்குள் வரும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த இரும்பில் பட்டு வியர்க்கும். மூக்குக்கண்ணாடியோடு குளிரிலிருந்து குசினிக்குள் போனால் கண்ணாடி மங்குமே, அதே கதைதான். உங்கள் அறை குசினியை ஒட்டியிருப்பதால் கேத்தல் ஆவியும் சேர்கிறது. இடையில் உள்ள கதவைச் சமைக்கிற நேரத்தில் மூடி வையுங்கள்.

பொலித்தீன் போட்டு மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய பருத்தி வேட்டி நல்லது. அதைவிட, ஒரு மரப்பெட்டியை லேத் மேல் கவிழ்த்து, உள்ளே பழைய மாதிரி 25 வாட் குண்டு பல்பை, துணியிலும் மரத்திலும் படாமல் எரியவிட்டால் இரும்பு காற்றைவிடச் சற்று சூடாகவே இருக்கும், வியர்க்காது. மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து அறையைச் சூடாக்க வேண்டாம், அது எரியும்போதே நீராவியைக் கக்கும்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 பாகைக்குக் கீழே அது உறையும். உங்கள் வீட்டுப் போத்தலிலேயே காலையில் கட்டியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாளானால் பிசினாகி, டூலைச் சுமந்து பெட்டில் நகரும் சேடிலைப் பிடித்துக்கொள்ளும். இருக்கிற துருவை மண்ணெண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும் கொண்டு துடையுங்கள், அடுப்புக்குத் தூரமாக. பெட்ரோல் கூடாது. பிறகு ஐஎஸ்ஓ 68 ஸ்லைட்வே ஒயில் (பெட் போன்ற வழுக்கும் பரப்புக்கான எண்ணெய்) பூசுங்கள். வேலை முடிந்ததும் தூரிகையால் இரும்புச் சுருளைத் தட்டி, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. கைரேகை பட்ட இடத்தில்தான் துரு முதலில் வரும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். ஹைஸ்பீட் ஸ்டீல் டூலுக்கு மென் இரும்பு என்றால் நிமிடத்துக்கு 25 மீற்றர், பித்தளை என்றால் 50 மீற்றர். அதை 320ஆல் பெருக்கி, மில்லிமீற்றரில் கம்பியின் விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கிடைக்கும். 20 மில்லிமீற்றர் இரும்புக்கு 400 சுற்று. இந்த அளவு மெஷினுக்கு கார்பைட் நுனியைவிட நன்றாகத் தீட்டிய ஹைஸ்பீட் ஸ்டீல்தான் சுகமாக வெட்டும். டூல் நுனி மையத்தில் இருக்கிறதா என்று பார்க்க, மெஷினை நிறுத்திவிட்டு, நுனிக்கும் கம்பிக்கும் நடுவில் ஆறு அங்குல எஃகு அடிமட்டத்தை மெல்லப் பிடியுங்கள். அதன் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. செங்குத்தாக நின்றால் சரி.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எர்த் உள்ள 13 அம்பியர் பிளக், வீட்டில் வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச், இரண்டும் வேண்டும். லயத்துப் பழைய வயரிங் என்றால் முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாக ஓடக் கூடாது. ஒருநாள் வேண்டுமென்றே மெயினை அணைத்துப் போட்டுச் சோதியுங்கள், சக்கில் ஒன்றும் இல்லாமல். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வருமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்ட் மின்னலுக்குத் தாங்காது.

நம்ம ஊர்க் குளிரில் ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவோம். லேத் பக்கம் அது ஆகாது. வேலை பழகிய காலத்தில் என் ஸ்வெட்டரின் பிரிந்த நூலொன்று சக்கில் சுற்றி, கையைச் சக்கின் தாடை வரைக்கும் இழுத்தது. பக்கத்தில் நின்றவர் சுவிட்சைத் தட்டியதால் விரல் தப்பியது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடியுங்கள். கையுறை, மோதிரம், கோயில் கயிறு எதுவும் வேண்டாம். கண்ணாடி கட்டாயம். சக் சாவியை விட்டுக் கையை எடுப்பதற்கு முன் சாவியை சக்கிலிருந்து எடுங்கள்.

அந்த இரண்டு வளையங்களின் அளவையும், கம்பி எவ்வளவு நீட்டியிருந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். தகடு எவ்வளவு வைக்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.