முதலில் சுவர், அப்புறம் ஓவியம்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் மூன்று பொதுச்சுவர்களில் ஓவியம் வரைய நினைக்கிறோம். பகுதி சபைக் கூட்டத்தில் பேச 15 நிமிடம் தந்திருக்கிறார்கள். 40 ஸ்லைடு தயார். இன்னும் என்ன சேர்க்கலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: சேர்க்காதீர்கள் சகோதரி, குறையுங்கள். 15 நிமிடத்துக்கு 10 ஸ்லைடு போதும். வெளிநாட்டுச் சுவரோவியங்களை முதலில் எடுத்துவிடுங்கள். "நம்ம ஊருக்கு இது ஆகுமா?" என்ற பேச்சு அங்கேதான் கிளம்பும்.

மூன்று சுவரையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம், ஒன்றைக் கேளுங்கள். அந்தச் சுவருக்கு நேர் எதிரே நின்று, நிழல் விழாத நேரத்தில், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திப் படமெடுங்கள். உயரம் சொல்லாமலே புரியும். அதே படத்தின் மேல் ஓவியத்தைப் பொருத்தி, இப்போதைய நிலையையும் வரப்போவதையும் அடுத்தடுத்த ஸ்லைடில் வையுங்கள். கூட்டம் நிமிர்ந்து உட்காரும் இடம் அதுதான்.

அடுத்த ஸ்லைடு, சுவரின் உடல்நிலை. உப்புத் தண்ணீரில் கட்டிய சுவர் உப்புப் பூக்கும். அதன் மேல் அடித்த பெயின்ட் செதில் செதிலாக உரியும். உப்பைச் சுரண்டி, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அடைத்த பிறகே பிரைமர் என்ற அடிப்பூச்சு. புதுப்பூச்சு என்றால் 28 நாள் காய வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு ஓவியம் வேண்டாம்; மழைச்சேறு தெறிக்கும், அடர்நிறப் பட்டை அடித்துவிடுங்கள்.

செலவைக் கணக்கோடு சொல்லுங்கள். 60 அடி நீளம், 7 அடி உயரம் என்றால் 420 சதுர அடி. வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்தால் அடிநிறத்துக்கு மட்டும் 8.4 லிட்டர், 10 லிட்டராக எழுதுங்கள். பிரைமர், சாரம், ஓவியர் கூலி தனித்தனி வரியில் இருக்கட்டும். மொத்தமாக ஒரே தொகை போட்டால் சந்தேகம்தான் வரும்.

சுவரின் உரிமையாளர் எழுதித் தந்த சம்மதக் கடிதத்தின் படமும் அவசியம். பொதுச்சுவர் என்று நாம் சொல்வது மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கடைசி ஸ்லைடில், மூன்று வருடம் கழித்து யார் பராமரிப்பார், பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டே வரி. பலர் விட்டுவிடுவது இதைத்தான். கவுன்சிலர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

கேள்வி: கூட்டத்தில் வேறொருவர் மடிக்கணினியில் ஸ்லைடு போட்டபோது தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்துவிட்டது. ஏன்?
– வாசகர், கோபி

பதில்: உங்கள் எழுத்துரு அந்த மடிக்கணினியில் இல்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப் போங்கள். எழுத்து 28 புள்ளிக்குக் குறைய வேண்டாம். மரத்தடிக் கூட்டம் என்றால் பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் வெளுத்துப்போகும். அங்கே அடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் சுவரை வரைந்து, இரண்டு ஏ3 தாளை ஒட்டிக் கையோடு சுற்றுக்கு விடுங்கள்.

கேள்வி: என்ன வரைவது என்பதிலேயே சண்டை. எப்படி முடிவெடுப்பது?
– வாசகர், பவானி

பதில்: "என்ன வரையலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் முடிவே வராது. ஒரே சுவரில் இரண்டு வரைவு காட்டி, ஆளுக்கொரு பொட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஒரு வரைவு உங்கள் ஊர் ஜமுக்காளத்தின் பட்டைகளாக இருக்கட்டும். அகலமான பட்டை வெளுத்தால் சாதாரண பெயின்டரே நூல் பிடித்துத் திரும்ப அடித்துவிடுவார்; முகங்கள் வெளுத்தால் ஓவியரைத்தான் மறுபடி தேட வேண்டும். மேற்கு வெயில் விழும் சுவருக்கு அந்த வரைவையே பரிந்துரைப்பேன்.